மாலைதீவுக்குப் பழகுதல்

என் தம்பி மாலைதீவில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு பரிமாறுகிறான். போய்ப் பல வருடமாகியும் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. லீவு கிடைத்தால் டிக்கெட் கிடைக்காது. டிக்கெட் கிடைத்தால் லீவு கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கோலில் வந்தவன், "இந்த மழைக்காலத்துல இங்க ஆள் வர்றது கொறவு. வேலை செய்யிறவங்க வீட்டு ஆக்கள ரெண்டு ராத்திரி தங்க வைக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அம்மாவக் கூட்டிக்கிட்டு வாண்ணே," என்றான்.

நான் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். நானும் மனைவியும் அம்மாவும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம். மூன்று பேருமே அதுவரை கடலைப் பார்த்தது கதிர்காமம் போகும் வழியில் பஸ் ஜன்னலால்தான். அதிலும் அம்மா தூங்கிவிட்டார்.

தம்பி ஒரு நிகழ்ச்சி நிரல் அனுப்பினான். என்னென்ன பார்ப்பது, என்னென்ன சாப்பிடுவது என்று ஹோட்டல்காரர்கள் அழகாகப் போட்டிருந்தார்கள். நான் தமிழில் மாற்றி மாற்றி வாசித்தேன். கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் மீன் பார்த்தல். கடல் நடுவில் இருக்கும் மணல் திட்டுக்குப் போதல். பொழுது சாயும்போது கடற்கரையில் சாப்பாடு. இரண்டாம் நாள் காலை, மிதக்கும் உணவு.

"அது என்ன மிதக்குறது?" என்றார் அம்மா.

"கூடையில சாப்பாட்ட வச்சு தண்ணியில விடுவாங்களாம். நாமளும் தண்ணியில நின்னுக்கிட்டு சாப்பிடணும்."

"ஏன், அங்க தரை இல்லையா?"

"தரை இருக்கும்மா. இது ஒரு சந்தோஷத்துக்கு."

"சோத்தத் தண்ணியில விட்டுட்டு அது பின்னாலயே நீந்திப் போறதுல என்னடா சந்தோஷம்?"

அம்மாவைக் கலக்கிய அடுத்த விஷயம் அறை. தம்பி அனுப்பிய படத்தில் அது கடலுக்குள் கால் ஊன்றி நின்றது. கதவைத் திறந்தால் படி, படிக்குக் கீழே தண்ணீர். முழங்கால் ஆழம்தான் என்று தம்பி சத்தியம் செய்தான். அம்மா நம்பவில்லை. "தூக்கக் கலக்கத்துல கால் வழுக்கினா முழங்கால் என்ன, கணுக்கால் தண்ணி போதும் சாகுறதுக்கு," என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நீந்தப் பழகாமல் மாலைதீவுக்கு வரமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் தண்ணீரில் கை வைத்தால் முழங்கை வரை மரத்துப்போகும். ஆகையால் பயிற்சி, மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில், துணி துவைக்கும் தொட்டியில் தொடங்கியது. என் மனைவி ஒரு சுளகில் ரொட்டியும் சம்பலும் வைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டாள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். பீலித் தண்ணீர் விழுந்த வேகத்தில் சுளகு சுற்றிச் சுற்றிப் போய் மறுகரையில் நின்றது. அங்கே துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். தனக்குத்தான் அனுப்பியது என்று நினைத்தாராம். அம்மா நடுங்கிக்கொண்டே கரையேறினார். அன்றோடு நீச்சல் முடிந்தது. பயம் மட்டும் முடியவில்லை.

பயணப் பெட்டி வாங்க நானும் அம்மாவும் ஹட்டனுக்குப் போனபோதுதான் அதற்கு வழி பிறந்தது. பஜாரில் மழைக் கோட்டும் குடையும் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் நானா. எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக அங்கேதான் குடை. மாலைதீவு என்று கேட்டதும் உள்ளே போய், தூசி தட்டி, தோடம்பழ ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். கித்துல்கலைப் பக்கம் ஆற்றில் படகு விட்ட ஒருவர் தொழிலைக் கைவிட்டபோது மொத்தமாக எடுத்ததாம். கடைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

"இத மாட்டுனா, கடல்ல விழணும்னு நெனச்சாலும் விழ ஏலாது அக்கா," என்றார்.

அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. வாங்கியதும் கடையிலேயே மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் கழற்றச் சொன்னேன். "புதுச் செருப்பு காலக் கடிக்குமா இல்லையா? வீட்டுல போட்டுப் பழகிட்டுத்தானே வெளியூருக்குப் போடுவோம்? அது மாதிரிதான்," என்றார். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அம்மாவும் ஜாக்கெட்டும் உட்கார, நான் நின்றுகொண்டு வந்தேன்.

அப்படியாக அம்மா பழகத் தொடங்கினார். ஜாக்கெட்டோடு ரொட்டி சுட்டார். ஜாக்கெட்டோடு கோயிலுக்குப் போனார். ஜாக்கெட் இடித்துக் குனிய முடியாததால் பூசாரி திருநீறு பூச ஒரு எட்டு முன்னால் வர வேண்டியிருந்தது. தூங்கும்போதும் கழற்றவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என் மனைவியிடம் இரகசியம் போலச் சொல்லியிருக்கிறார்: "புள்ள, இது கம்பளிய விட சூடா இருக்கு."

அது உண்மை. எங்கள் பக்கத்து மழைக்காலத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து பாயில் படுக்கும். கம்பளி நனைந்தால் காய ஒரு வாரம். இந்த ஜாக்கெட்டோ நனையாது, காற்றுப் புகாது, நெஞ்சையும் முதுகையும் அடுப்படி மாதிரி வைத்திருந்தது. ரொட்டி சாப்பிட்ட பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போனார். மத்தியானம் மலையில் வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தவர், பந்து மாதிரி ஒரு தரம் எழும்பி, கூடையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஒரு கீறல் இல்லை. அவ்வளவுதான். அடுத்த சம்பளத்துக்குப் பிறகு லயத்துப் பெண்கள் கூட்டமாக ஹட்டனுக்கு பஸ் ஏறினார்கள். நானாவின் மூட்டைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

கொஞ்ச நாளில், எங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களில் பாதிப் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, முதுகில் கூடை, நெஞ்சில் தோடம்பழ நிறம். பனிமூட்டம் விலகும்போது பாடசாலை வாசலில் நின்று பார்த்தால் மலை முழுக்கப் பழுத்த மாதிரி இருக்கும். கங்காணிக்குக் கோபம். இருந்தாலும் அவருடைய மனைவியும் ஒன்று வாங்கியிருந்தபடியால் வாயைத் திறக்கவில்லை.

இதில் யாருக்கு என்ன கெடுதல் என்றுதான் நானும் நினைத்தேன். நீர்த்தேக்கத்தின் அணைக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமம் இருப்பதை நான் யோசிக்கவில்லை. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் எங்கள் மலை நன்றாகத் தெரியும்.

அன்று நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மழை விடாமல் பெய்தது. வாசலில் ஒரு மாடு வந்து நின்றது. மாட்டுக்குப் பின்னால், பொலித்தீனால் சுற்றிய டிவி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர். அவருக்குப் பின்னால் பாய், பானை, மூட்டைகளோடு ஏழெட்டுக் குடும்பங்கள்.

"சேர், நாங்க இஸ்கோலேல கொஞ்சம் இருக்க முடியுமா?" என்று தெரிந்த தமிழில் கேட்டார் டிவிக்காரர்.

என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டேன். அணை உடையப்போகிறது என்றார். யார் சொன்னது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மழையில் மேலே நின்று கொழுந்து எடுக்கும் பெண்களைக் கையால் காட்டினார். தண்ணீருக்கு இவ்வளவு மேலே இருக்கிறவர்களுக்கே ஜாக்கெட் கொடுத்திருக்கிறார்கள் என்றால், கீழே இருக்கிற எங்கள் கதி என்ன என்று கேட்டார்.

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. மண்சரிவில் வீட்டை இழந்தவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். மழைக்கு ஓடுகிறவரைப் பார்த்து இங்கே யாரும் சிரிப்பதில்லை. இரண்டு வகுப்புகளைக் காலி செய்து கொடுத்தேன். மாட்டைப் பாடசாலை அதிபரின் மோட்டார் சைக்கிள் நிற்கும் கொட்டகையில் கட்டினோம்.

சற்று நேரத்தில் கிராம சேவகர் நனைந்துகொண்டு வந்தார். அவரோடு தோட்ட நிர்வாகியான பெரிய துரையும் ஜீப்பில் வந்து இறங்கினார். அணையில் இருக்கும் பொறியியலாளருக்கு இவர்கள் போன் எடுத்திருக்கிறார்கள். அவர் அணைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டுப் பதறியிருக்கிறார். ஆகவே இதெல்லாம் யார் தொடங்கியது என்று விசாரிக்க வந்திருந்தார்கள். மலையில் விசாரித்ததில் எல்லாக் கைகளும் எங்கள் வீட்டைக் காட்டியிருக்கின்றன. அம்மாவை அழைத்துவந்தார்கள். அம்மா ஜாக்கெட்டோடுதான் வந்தார்.

"அம்மா, இது எதுக்குப் போட்டிருக்கு?" என்று கேட்டார் கிராம சேவகர்.

"மாலைதீவுக்குப் போறேங்க."

"எப்ப?"

"அடுத்த மாசங்க."

"அடுத்த மாசம் போறதுக்கு இப்ப ஏன் போட்டிருக்கு?"

"பழகுறதுக்குங்க."

கிராம சேவகர் பெரிய துரையைப் பார்த்தார். பெரிய துரை மழையைப் பார்த்தார்.

"சரி. அந்தப் பொம்பளைங்க எல்லாம்? அவங்களும் மாலைதீவு போறதா?"

"இல்லீங்க. அவங்களுக்குக் குளிருதுங்க."

இப்படி ஒரு பதிலுக்கு விசாரணையில் அடுத்த கேள்வி கிடையாது. கடைசியில் பெரிய துரைதான், மலையில் இனி யாரும் இதைப் போடக்கூடாது என்றார். வாசலில் கூடியிருந்த பெண்களில் பக்கத்து வீட்டு அக்கா முன்னால் வந்து, "அப்ப குளிருக்கு எதாச்சும் குடுங்க தொரை, கழட்டி வச்சிருறோம்," என்றார். பிறகு, மேலே ஒரு கறுப்பு மழைக் கோட்டைப் போட்டு, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு திருத்தப்பட்டது. அதற்கான மழைக் கோட்டுகளும் நானாவின் கடையில்தான் வாங்கப்பட்டன.

கிராமத்து ஆட்களிடம் கிராம சேவகர் விஷயத்தை விளக்கினார். அவர்கள் உடனே நம்பவில்லை. மழை விடட்டும், போகிறோம் என்றார்கள். தன்னால்தானே இவ்வளவு பேர் வீட்டை விட்டு வந்தார்கள் என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பாடசாலைச் சமையலறையில் சோறும் பருப்பும் ஆக்கச் சொல்லித் தானும் கூடவே நின்றார். டிவிக்காரரின் மனைவி பலாக்காய் வெட்டிக் கறி வைத்தார். பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் சாப்பிட்டோம், கிராம சேவகர் உட்பட. அவர் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து யாரோ ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள். முதலில் மறுத்தார். இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்ளும்போது மாட்டியிருந்தார். மாலையில் மழை விட்டதும் மாடும் டிவியும் வந்த வழியே இறங்கிப் போயின.

அடுத்த மாதம் நாங்கள் மாலைதீவுக்குப் போனோம். பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு இருமல் என்று அம்மா ஜாக்கெட்டை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். கடல் முழங்கால் ஆழம்தான். அம்மா ஒருமுறை படியில் உட்கார்ந்து பாதத்தை நனைத்துவிட்டு, "வெந்நி மாதிரி இருக்கு," என்றார். கண்ணாடிப் படகுக்கும் மணல் திட்டுக்கும் நானும் மனைவியும் மட்டும் போனோம். பார்க்க வேண்டியது என்று அம்மா நினைத்து வந்தது வேறு.

தம்பியைத்தான் பார்க்க முடியவில்லை. அவன் வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியுமாக எங்கள் கண் முன்னாலேயேதான் நடமாடினான். ஆனால் வேலை நேரத்தில் விருந்தாளிகளோடு உட்காரக்கூடாது, நின்று பேசக்கூடாது. வேலை முடிந்தால் ஊழியர்கள் தங்கும் பக்கத்துத் தீவுக்குப் படகேறிவிட வேண்டும். இவ்வளவு தூரம் வந்து மகனைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதாக அம்மாவின் நிலைமை இருந்தது. முதல் நாள் மாலையில் கடற்கரைச் சாப்பாட்டு மேசையில் அவர் மேசைக்கு மேசை போய்வந்த தம்பியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தார். தம்பி குனிந்து, மற்ற விருந்தாளிகளிடம் கேட்பது போலவே, "என்ன வேணும்?" என்றான்.

"என்ன இருக்கு?"

"எலுமிச்சம் ஜூஸ் கொண்டு வரவாம்மா?"

"கொண்டு வா."

கொண்டு வந்தான். கிளாஸை வைக்கும் நேரத்தில் அம்மா அவன் மணிக்கட்டைப் பார்த்து, "என்ன சுட்டுக்கிட்டியா?" என்றார். கோப்பித் தண்ணீர் கொட்டியது என்றான். அதற்குள் போக வேண்டியிருந்தது. அம்மா கிளாஸை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டுக் கையைத் தூக்கினார். மறுபடி வந்தான். இந்தத் தடவை, எங்கே படுக்கிறாய், பாய் இருக்கா, கட்டிலா என்று கேட்டார். கட்டில்தான் என்றான். மூன்றாம் கிளாஸில் அவனுக்கு ஏன் முடி கொட்டுகிறது என்று கேட்கப்பட்டது. நான்காம் கிளாஸில் தம்பி கேட்டான், லயத்து முற்றத்துக் கொய்யா இன்னும் காய்க்கிறதா என்று. பதில் நீளமாக இருந்ததால் அது ஐந்தாம் கிளாஸ் வரை போனது.

என் மனைவி மெல்ல, "அத்தே, வயிறு என்னாகும்?" என்றாள். தம்பியும் காலிக் கிளாஸை எடுத்துக்கொண்டே, "போதும்மா, இதுக்கு மேல குடிச்சா புளிச்சு ஏப்பம் வரும்," என்றான்.

"அப்ப சோறு கொண்டு வா," என்றார் அம்மா. "எல்லாத்தையும் ஒண்ணா கொண்டு வந்துறாத. சோறு முதல்ல. அப்பறம் வந்து கறி என்ன இருக்குன்னு சொல்லு."