கோட்டிங் இல்லாத கம்பி

ஹட்டன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்த மகனின் உள்ளங்கையை வீட்டில் முகர்ந்து பார்த்தேன். ஈர இரும்பு வாசனை. சோப்புப் போட்டுக் கழுவினேன். தோல் வறண்டுவிடுமோ என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். அந்தக் கையை வாயில் வைத்துவிடுவானோ என்று மறுபடியும் கழுவினேன். தாயானதிலிருந்து நான் இப்படித்தான், நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த வாசனை எனக்குப் பழையது. ரெஜினா அக்காவின் விரல்களில் எப்போதும் இருக்கும். என் பெரியம்மாவின் மகள். வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் பேஸ் கிட்டார் வாசித்தவர், பாட்டுக்கு அடியில் உறுமும் கனத்த நாதம் அவருடையது. நான் பாடகர் குழுவில் பின்வரிசை, சுருதி தப்பினாலும் தெரியாத இடம்.

ஒரு டிசம்பரில், கீபோர்டு வாசிக்கும் அன்டன் அண்ணன் ஃபாதரிடம், "என் எடது கையிலயே பேஸ் வருதுங்க ஃபாதர், அதுக்குத் தனியா ஒரு ஆளு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். கரோல் ஆராதனையில் கேட்டுப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார் ஃபாதர். அக்காவின் கிட்டாரிலோ துருவேறிய பழைய கம்பிகள்.

ஹட்டன் கடைக்கு நானும் துணைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை முன்னே தள்ளினார். "இது கோட்டிங் போட்டது தங்கச்சி. மேல மெல்லிசா ஒரு தோலு மாதிரி. நம்ம ஊரு பனிக்குத் துரு ஏறாது."

நான் உடனே தலையாட்டினேன். அக்கா ஆட்டவில்லை. "அந்தத் தோலு வெரலுக்கும் கம்பிக்கும் நடுவுல நிக்குதுண்ணே. எனக்கு வெறுங்கம்பி குடுங்க."

"துரு புடிச்சா என்னாக்கா செய்வீங்க?" என்றேன்.

"தொடைப்பேன்."

அவ்வளவுதான். ஒரே வார்த்தையில் ஒரு முடிவை எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடைப்படி இறங்கிய பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.

புதுக் கம்பியின் கணீர் குறையக்கூடாது என்று ஆராதனைவரை மாட்டாமல் வைத்திருந்தார். ஆசைக்குப் பிரித்துப் பார்த்து வைத்த பாக்கெட் பெரியம்மாவின் கண்ணில் பட்டது. மழைக்காலத்தில் லயத்து வரிசை வீட்டில் ஈரம் படக்கூடாத எதுவும் அடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணுக்குப் போய்விடும். உப்பு, தீப்பெட்டி, பள்ளிச் சப்பாத்து, இப்போது கம்பியும். ஆராதனைக்கு முந்தின நாள் எடுத்தபோது கம்பிச் சுற்றுகளுக்குள்ளெல்லாம் கரி, எண்ணெய்ப் பிசுக்கு. மாட்டி மீட்டினால் தொப்பென்று ஒரு சத்தம்.

"பத்திரமா இருக்கட்டும்னுதானேடி வச்சேன்." பெரியம்மாவுக்கு அழுகை வரப்பார்த்தது.

அக்கா கம்பிகளைக் கழற்றி, சோற்றுச் சட்டியில் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். தண்ணீர் கறுத்தது. "கோட்டிங் போட்டதா இருந்தா தோலு உரிஞ்சிருமோன்னு பயந்துகிட்டு நிக்கணும். இதுக்கு என்னா பயம்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியம்மா எட்டிப் பார்த்தார். "எத்தன பேருக்குடி ரசம்?"

மறுநாள் இரண்டாவது பாட்டில் அக்கா தடித்த கம்பியை மீட்டியபோது, நாங்கள் நின்ற மரப்பலகை வழியாக அந்த அதிர்வு காலில் ஏறியது. அன்டன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். பிறகு இடது கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை ஒற்றைக் கையால் வாசித்தார். அதன்பின் ஃபாதர் முடிவு என்று எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அக்கா கல்யாணமாகி வத்தளைக்குப் போய்விட்டார். இப்போதைய கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் பேஸும் டிரம்ஸும் சேர்ந்தே வருகின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை, தாளம் தப்புவதே இல்லை. அப்போதெல்லாம் கிட்டாரைச் சுமந்துகொண்டு அக்கா மேட்டுப் பாதையில் ஏறி வரும்வரை, முதல் பாட்டைத் தொடங்காமல் நிற்போம். இப்போது யார் வராவிட்டாலும் பாட்டு நேரத்துக்குத் தொடங்கிவிடுகிறது.