பின்கேட்டைப் பூட்டினோம்

முனிசிபல் பள்ளியில் டீச்சராக இருந்தால், எல்லா வேலையும் முடிந்த பிறகு கொஞ்சம் பாடமும் நடத்தலாம். இதைப் படித்ததும் தலையை ஆட்டினீர்கள் என்றால் நீங்களும் நம்ம ஆள்தான். வாங்க, ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன்.

நான் தாராவியில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஏழாம் வகுப்பு டீச்சர். பெயர் செல்வி. கல்யாணமாகி செம்பூருக்குப் போய்விட்டேன், வாய் மட்டும் பிறந்த இடமான தாராவியிலேயே தங்கிவிட்டது. கோபமும் மூக்குக்கு மேலேதான். எங்கள் கட்டடத்தில் கீழ்மாடி மராத்தி, நடுமாடி ஹிந்தி, மேல்மாடி தமிழ். மைதானம் எல்லோருக்கும் பொது. பின்கேட் யாருக்கும் சொந்தமில்லை. வந்த வம்பெல்லாம் அந்தப் பின்கேட்டால் வந்ததுதான்.

ஊர் போகிற வழி

முன்கேட் பெரிய ரோட்டில் இருக்கிறது, பின்கேட் சந்தில். சந்திலிருந்து ரோட்டுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டும், அல்லது எங்கள் மைதானத்துக்குள் புகுந்து வரலாம். தாராவியில் சுற்றிப் போக யாருக்கு நேரமிருக்கிறது? பின்கேட்டின் பூட்டு எந்தக் காலத்திலோ காணாமல் போயிருந்தது. இட்லி அண்டா, தோல் ஏற்றிய கைவண்டி, தண்ணீர் கேன், பைக் எல்லாம் எங்கள் பிள்ளைகள் கபடி ஆடும் இடத்தின் குறுக்கேதான் போகும். ஒரு தடவை பாத்ரூம் கமோடு ஒன்று ஒருவர் தலையில் ஏறிப் போனது. என் வகுப்பே எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போதே, “ஸ்கூலுக்குள்ள புகுந்து வந்துரு” என்றுதான் சொல்வார்கள்.

ஒரு நாள் காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கண்ணை மூடி நிற்கிறார்கள். நான் ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தேன், டீச்சர் புத்தி அப்படி. பைக்கில் ஒருவர் வந்தார். பாட்டைக் கேட்டதும் எஞ்சினை அணைத்தார், செருப்பைக் கழற்றினார், கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷனா என்று எனக்கே நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. பாட்டு முடிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “டீச்சர், நாளையிலேருந்து பாட்டக் கொஞ்சம் வெரசா ஆரம்பிங்க. மாஹிம் ஸ்டேஷன்ல எனக்கு டிரெயின் போயிருது.”

ஷமீமாவின் வாப்பா

சிரித்துக்கொண்டேதான் இருந்தோம், ஷமீமா விழுகிற வரைக்கும்.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஹிந்தியில் சண்டை போட்டு, ஹிந்தியிலேயே சமாதானமாகி, தமிழை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்கும். ஷமீமா அப்படி இல்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி பாடத்தைப் படிப்பாள். மற்ற பிள்ளைகள் அவளைப் படிக்கச் சொல்லிவிட்டு வாயைப் பிளந்து கேட்கும். ஒரு நாள் அவள் இன்டர்வெல்லில் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். திரும்பும்போது பைக் இடித்தது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஓட்டி வந்த பையனே அழுதுகொண்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவனும் எங்கள் பள்ளியில் படித்தவன்தான். யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்.

மறுநாள் அவள் வாப்பா ஜலால் பாய் வந்தார். மேலப்பாளையத்துக்காரர், பின்சந்தில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். கத்துவார் என்று நினைத்து, பதிலுக்குக் கத்த நான் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். கட்டுப் பிரிக்கிறதுக்குள் இந்தப் போக்குவரத்து நிற்க வேண்டும், இல்லையென்றால் ஷமீமா இனி வரமாட்டாள் என்றார். வேறு பள்ளி தூரம். வீட்டில் உம்மாவுடன் உட்கார்ந்து பைக்கு ஜிப் வைக்கட்டும், படிப்பு இந்த மட்டோடு போதும் என்றார். நானும் என்னென்னவோ சொன்னேன், ஒன்றும் எடுபடவில்லை. பிள்ளையின் படிப்பு ஒரு கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது அமைதியாகச் சொன்னார்: “உங்க மேல எனக்குக் கோவமில்ல டீச்சர். நான் எம்புள்ளைய பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புனேன், ரோட்டுக்கு அனுப்பல.”

எல்லோரும் கை தூக்கிய கூட்டம்

எங்கள் ஹெச்.எம். சார் மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். சாது. எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். மேலிடத்தில் கேட்டதற்கு வாட்ச்மேன் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாட்ச்மேன் இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறார். நீங்களும் இப்படி ஒருத்தருக்காகக் காத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். இனிமேல் பொறுக்க முடியாது, பெற்றோர்களைக் கூப்பிடுங்கள் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். மராத்தி, ஹிந்தி டீச்சர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு அம்மாக்கள் திரண்டு வந்தார்கள். அவர்களில் முத்துலட்சுமி அக்கா, நாங்குநேரிப் பக்கம், இட்லி விற்கிறவர். ரெண்டு பிள்ளைகள் இங்கே படிக்கின்றன. அவர் எழுந்து பேசிய பேச்சில் ஃபேன் கூட நின்றுவிட்டது, கரண்டும் போயிருந்தது என்பது வேறு விஷயம். ஷமீமாவுக்கு வந்தது நாளைக்கு நம்ம பிள்ளைக்கும் வரும், கேட்டை பந்த் பண்ணுங்க, இன்னைக்கே பண்ணுங்க என்றார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஹெச்.எம். சாரும் அன்றைக்கு அபூர்வமாக அழுத்திப் பேசினார். எல்லோரும் கை தூக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் முடிந்தது. கை தூக்கிய அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக மைதானத்தைக் கடந்து, பின்கேட் வழியாகவே வீட்டுக்குப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சார் மெதுவாகச் சொன்னார்: “முதல்ல இவங்க எல்லாரும் போய் முடிக்கட்டும் டீச்சர், அப்புறமா பூட்டலாம்.”

எனக்கு மட்டும்

பூட்டு வாங்கினோம். சாவி என்னிடம் வந்தது. வாய் இருக்கிறவளிடம்தானே கொடுப்பார்கள்!

முதல் நாள் காலையிலேயே பின்கேட்டில் கூட்டம். பூட்டக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. பூட்டியது ரொம்ப நல்லது, எனக்கு மட்டும் திறங்கள் என்றார்கள். ஒருவருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டிய அண்ணன், ஒருவருக்கு காட்கோபரில் வேலை, ஒருவருக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் பழக்கம். முட்டிக்கொள்ள சுவர்தான் மிச்சம். வரிசையில் முத்துலட்சுமி அக்காவும் நின்றார். தலையில் அண்டா, ஆவி பறக்கிறது. சுற்றிப் போனால் ஸ்டேஷனில் ஆட்கள் எல்லாம் வேறு கடையில் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது தெரியும். அந்த இட்லியைத் தின்றுதான் பல நாள் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். இருந்தாலும் திறக்கவில்லை. உங்களுக்குத் திறந்தால் பைக்குக்கும் திறக்கணும் அக்கா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நான் அன்னைக்குச் சொன்னது பைக்க டீச்சர். என் இட்லி எந்தப் புள்ள மேல போயி மோதிச்சு?”

காவலுக்கு வந்த அக்கா

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளையிலிருந்து அவர் பிள்ளைகளும் வராது என்று நினைத்தேன். மறுநாள் பள்ளி திறக்கும் முன்னாலேயே அக்கா வந்து நின்றார். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கேட் எதற்குப் பூட்டியிருக்க வேண்டும் என்று கேட்டார். நியாயம்தானே! முதல் மணிக்கு முன்னாலும் கடைசி மணிக்குப் பின்னாலும் ஊருக்கு, நடுவிலே பிள்ளைகளுக்கு என்று முடிவானது. இது எங்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அவரும் அடுப்பை முன்கூட்டியே பற்றவைத்து, மணிக்கு முன்னால் கடந்து போகத் தொடங்கினார்.

அதோடு விடவில்லை. வாட்ச்மேன் வருகிற வரைக்கும் அம்மாக்கள் முறை வைத்து கேட்டில் உட்காரலாம் என்றார். வியாபாரம் முடித்து வந்து, காலி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு முதல் முறைக்கு அவரே உட்கார்ந்தார். சாவியையும் என்னிடமிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். என்னை விடக் கண்டிப்பு. ஹெச்.எம். சாருக்குப் பள்ளி நேரத்துக்கு நடுவில் பின்சந்துக் கடையில் கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, குடிக்கிற பழக்கம் உண்டு. ஒரு நாள், அக்கா வேறொரு அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், அந்த அம்மா சாரை வெளியே விட்டுவிட்டார். குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் கேட்டில் அக்கா. சார் சிரித்துப் பார்த்தார், வாட்சைக் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. “சுத்தி வாங்க சார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னிய.”

தோல் பை வண்டி

ஷமீமாவுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. இன்டர்வெல் நேரம், பின்கேட்டில் சத்தம் என்று அக்கா ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் பை மூட்டைகள் ஏற்றிய கைவண்டி. வண்டிக்காரர் ஹிந்தியில் ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறார். வண்டிக்குப் பின்னால் ஜலால் பாய்.

உல்லாஸ்நகர் பார்ட்டிக்குச் சரக்கு. ரோட்டில் டெம்போ நிற்கிறது, டிரைவர் போகப் போகிறேன் என்று ஃபோனில் கத்துகிறான். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்றார் பாய். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். என் வாய் உங்களுக்குத் தெரியும். பூட்டச் சொன்னதே நீங்கள்தானே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பயமாக இருந்தது. மறுத்தால் கோபத்தில் பிள்ளையை நிறுத்திவிடுவார். திறந்தால், இவ்வளவுதானா உங்கள் பூட்டு என்று நிறுத்திவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் ஷமீமாதான் வீட்டில் உட்காருவாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அக்காவிடமிருந்து சாவியை வாங்கி, கம்பி வழியாக அவர் கையில் வைத்தேன். பிள்ளைகள் விளையாடுதுங்க பாய், பார்த்து நீங்களே திறந்துக்கிடுங்க என்றேன்.

அவர் சாவியோடு நின்றார். மைதானத்தைப் பார்த்தார். குழாயடியில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் ஒன்றின் மேல் ஒன்று தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடின. டெம்போக்காரனிடமிருந்து மறுபடி ஃபோன் வந்தது, அவர் எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார். பிறகு சாவியைக் கம்பி வழியாக நீட்டினார். “தெறக்காதீங்க டீச்சர். இனிமே நானே வந்து கேட்டாலும் தெறக்காதீங்க.”

முதல் பீரியட்

கட்டுப் பிரித்துவிட்டார்கள், திங்கட்கிழமை வருவாள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை மணி அடித்தது. ஷமீமா வரவில்லை. வருகைப்பதிவு எடுத்தேன், அவள் பெயர் வந்ததும் வகுப்பே கதவைப் பார்த்தது. பாடத்தைத் தொடங்கினேன். முந்தின வாரம் நடத்தின பாடத்தையே மறுபடி நடத்திக்கொண்டிருந்தேன், ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. அதுகளுக்கும் மனசு அங்கே இல்லை. பாய் மனம் மாறிவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சும்மா எதையோ அழித்துக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், உள்ள வரலாமா?”

வாசலில் ஷமீமா. கை மெலிந்திருந்தது, முகம் மெலியவில்லை. பின்னால் ஜலால் பாய், மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டை முழுக்க வேர்வையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர்கள் வீடு பின்கேட்டுக்கு எதிரே. மணிச் சத்தம் கேட்ட பிறகு கிளம்பினாலே போதும் என்று இத்தனை வருஷமும் பழகியவர்கள். இன்றைக்கும் அப்படியே கிளம்பி வந்திருக்கிறார்கள். கம்பிக்கு உள்ளே, அன்றைக்கு வியாபாரத்தைச் சீக்கிரமே முடித்து வந்திருந்த முத்துலட்சுமி அக்கா பிள்ளையைப் பார்த்து அழுதிருக்கிறார், கன்னத்தைத் தடவியிருக்கிறார், கேட்டை மட்டும் திறக்கவில்லை. வாப்பாவும் மகளும் ஊரைச் சுற்றி ஓடி வந்திருக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பிள்ளையை உள்ளே வரச் சொன்னேன். பாய் பையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “மொத நாளே லேட்டாயிட்டு, மன்னிச்சுக்கிடுங்க. எம்மவளுக்கே தெறக்கலைல்ல, இனிமே பயமில்லாம அனுப்புவேன் டீச்சர்.”

லேட்டாக வந்த பிள்ளையைப் பார்த்து ஒரு டீச்சர் ஆனந்தமாக அழுகிறாள் என்றால், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இப்போதுதான் கதவு வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.