தாண்டாத சட்டை

தோள்பட்டை, கை நீளம், இடுப்பு எல்லாவற்றையும் சுதா வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுவாள். பெண் பிள்ளைகளின் மார்பளவு வரும்போது மட்டும் குரல் உள்ளே போய்விடும். உதடு அசையும், நோட்டில் எண் விழும். நூம்பலில் தன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷின் போட்டதிலிருந்து, பதினான்கு வருடமாக இப்படித்தான்.

அவளுடைய பதின்மூன்றாவது வயதில் ஒரு டெய்லர் அந்த எண்ணைக் கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று குனிந்த தோள் இன்னும் நிமிரவில்லை. அதனால் பிள்ளைகளுக்கு எதைத் தைத்தாலும் பக்கத்துக்கு ஓர் அங்குலம் தாராளமாக விடுவாள். அவர்களைக் காப்பாற்றுவதாக அவளுக்கு நினைப்பு.

எதிர்வீட்டு மங்களத்தின் மகள் கனிமொழி எட்டாம் வகுப்பு. பள்ளிக்காக உயரம் தாண்டுகிறவள். வயதுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அம்மா கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியைக் கிண்ணத்தோடு எடுத்துவந்து, மிஷின் பக்கத்தில் நின்று தின்றபடி கதை பேசுவாள். வட்டாரப் போட்டிக்கு ஜெர்சி தைக்க வந்தபோது மங்களம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "லூசாவே தெச்சுடு சுதா. டைட்டா கீதுன்னா நான் அனுப்பமாட்டேன்."

சுதா பக்கத்துக்கு இரண்டு அங்குலம் விட்டாள்.

அதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போன கனிமொழி மறுநாளே திரும்பி வந்தாள். "மூணு தபா குதிச்சேன், மூணு தபாவும் கம்பு வுழுந்துச்சி. கம்ப நான் தாண்டிட்டேன்க்கா. உன் சட்டதான் தாண்டல. வெள்ளிக்கெழமயும் இப்டி ஆச்சின்னா மாவட்டத்துக்குப் போவ முடியாது."

பின்னாலேயே வந்த மங்களம், "போவாட்டி இன்னா? ஊட்ல குந்திகினு படி" என்றாள்.

"குந்திகினே இருந்தா ஒடம்பு ஏறும். அதுக்கும் நீதான் திட்டுவே."

சுதா டேப்பை எடுத்தாள். வழக்கம்போல உதடு மட்டும் அசைந்தது.

"இன்னாக்கா மந்திரம் சொல்றே? சத்தமா சொல்லு."

படியில் துலுக்கானம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேன்ட்டைக் குட்டையாக்க வந்தவர். சுதாவின் கண் அவர் பக்கம் போய்த் திரும்பியது. கனிமொழி குனிந்து டேப்பைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி அவளே எண்ணைச் சொன்னாள். சுதாவுக்குக் காது சுட்டது.

துலுக்கானம் பேப்பரைத் திருப்பினார். "எம் பேன்ட்டு இன்னிக்கிக் கெடைக்குமாம்மா?"

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

யாரையும் எதிர்த்துப் பேசியறியாத சுதா அன்று மங்களத்திடம் வாய் திறந்தாள். "அளவாத் தெச்சா அசிங்கமா இருக்காதுக்கா. தடிச்ச துணிதான். நான் பாத்துக்கறேன்."

"எதுனா கோணலா இருந்துச்சி, உன்னத்தான் கேப்பேன்."

வெள்ளிக்கிழமை போட்டியில், அளவாகத் தைத்த ஜெர்சியோடு கனிமொழி தாண்டியபோது கம்பு லேசாக ஆடியது, விழவில்லை. இப்போது மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள். சுதாவும் எல்லா அளவையும் சொல்லித்தான் எழுதுகிறாள். அந்த ஒன்றைச் சொல்வதற்கு முன் மட்டும் தோளைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்கிறாள்.