தலைகீழாக நின்ற மாப்பிள்ளை

போன வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பீரங்கிகள் நின்றன. கொண்டுவந்தவன் என் அண்ணா பிள்ளை. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது அவன் தொழில். இரண்டும் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் ஜூம் லென்ஸாம். ஒன்று பழைய மாடல், மற்றது அதே கம்பெனியின் புது மாடல். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று தெரியாமல் இரண்டிலும் என் முகத்தைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக வைத்தான்.

"பாருங்கோ அத்தை, வெளிச்சம் எதிர்ல வந்தா பழசுல வெளுத்துப் போறது. புதுசுல ஒரு சுருக்கம் விடாம விழறது."

இந்த வயதில் சுருக்கத்தை விடாமல் பிடிக்கிற சாமான் எனக்கெதற்கு? வாய் வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டேன். புது லென்ஸை நான் திட்டினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். எனக்குக் கல்யாணம் ஆனதே ஒரு புது லென்ஸால்தான்.

அவன் கண்ணாடியைத் துடைத்த ஸ்பிரிட் வாசனை வந்ததும் ஐம்பதுகளின் பாலக்காட்டுக் கல்பாத்தி மாடி ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு மாடியில்தான் அண்ணா ஸ்டூடியோ வைத்திருந்தான். படம் கழுவும் மருந்து அவன் வேட்டி வரைக்கும் மணக்கும். அவன் துணிகளை மட்டும் அம்மா தனியாக நனைப்பாள். பின்ஜன்னலைத் திறந்தால் புழையும் ஆற்றுப் படித்துறையும் தெரியும்.

அந்தச் சித்திரையில் கோயமுத்தூர்க் கடையிலிருந்து ஒரு புது டெலி லென்ஸை அண்ணா பரீட்சைக்கு வாங்கி வந்திருந்தான். அவனுடைய பழையது கனத்த பித்தளைக் குழாய். புதியதன் கண்ணாடியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பூச்சு. ஜன்னலில் பெரிய ஸ்டாண்ட் காமிராவை நிறுத்தி, படித்துறையைக் குறிவைத்து இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அதே நாளில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பெண் பார்ப்பது என்று பெயரே தவிர, பெண் எதையும் பார்க்க முடியாது. தலையைக் குனிந்து நமஸ்காரம் பண்ணி, குனிந்தபடியே பாடிவிட்டு உள்ளே போக வேண்டும். அதற்கு முன் வந்த இரண்டு பேரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கால் கட்டைவிரல்தான். அப்பா மட்டும் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். "ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம். சாயந்தரம் சொல்லு." கட்டைவிரலைப் பார்த்து என்னத்தைச் சொல்வது? எதிர்வீட்டு சிநேகிதியை, தன் அம்மாவின் பிடிவாதத்துக்காகத் தாலி கட்டினவர் ஒருவர் கூட்டிப் போயிருந்தார். இரண்டு வருஷமாகியும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் கவலை.

அம்மா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தபோது அண்ணா மாடியிலிருந்து கூப்பிட்டான். "ஏண்டி, ஓடி வா. மாப்பிள்ளையாத்துக்காரா வந்து குளிக்க எறங்கியிருக்கா."

மாப்பிள்ளைக்கு மலையில், மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை. பாலக்காட்டு வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அடையாளத்துக்கு வேறென்ன வேண்டும்!

காமிராவைப் போர்த்தியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அந்தக் காமிராவில் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். தண்ணீர் மேலே, வானம் கீழே. மாட்டியிருந்தது பழைய லென்ஸ். புழையின் பளபளப்பில் எல்லாம் பால் கலந்ததுபோல இருந்தது. அவருடைய அப்பா முங்கிக் குளித்துக்கொண்டிருந்தார். இவரோ கல்தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. ஏதோ துணியால் முகத்தைத் துடைத்தார். மறுபடி குலுங்கினார்.

"அண்ணா, அழறார்."

அண்ணாவும் பார்த்தான். "ஆமாண்டி. பாவம்."

"இஷ்டமில்லாம இழுத்துண்டு வந்திருக்கா. வேண்டாம்னு அப்பாட்ட சொல்லிடு."

சரி என்று மாடிப்படி வரை போனவன் நின்றான். "இரு, புதுசுலயும் ஒருவாட்டி பாத்துடறேன். வெறுதே, சும்மா ஒரு நிமிஷம்." என் மேல் இருந்த கரிசனமில்லை, லென்ஸ் மேல் இருந்த ஆசை. இங்கே என் வாழ்க்கை ஊசலாடுகிறது, இவன் பித்தளையைத் திருகிக் கழற்றிக்கொண்டிருக்கிறான்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மறுபடி துணிக்குள் போனேன். படித்துறை கழுவிவிட்டதுபோலத் தெளிந்திருந்தது. தூணின் விரிசல்கூடத் தெரிந்தது. அவர் அழவில்லை. மாம்பழம் தின்றுகொண்டிருந்தார். முதலமடைத் தோப்புப் பழம், கோட்டுக் கையை மடித்துவிட்டிருந்த முழங்கை வரைக்கும் சாறு ஓடியது. எனக்கு அது மேல்நோக்கி ஓடியது. கொட்டையைச் சப்பினார், நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் மறுபடி சப்பினார். புழையில் அதை எறிந்துவிட்டு, அப்பா குளித்துவிட்டுக் கட்டப் படியில் வைத்திருந்த, யாரும் தொடக்கூடாத மடி வேஷ்டியில் கையைத் துடைத்தார்.

எனக்குத் தோள் குலுங்கியது. துணிக்கு வெளியே அண்ணாவின் குரல் பதறியது. "என்னடி, நீயும் அழறயா?"

சாயந்தரம் அம்மா பஜ்ஜியோடு மாம்பழத் துண்டுகளும் வைத்தாள். அவருடைய அப்பா கையமர்த்தினார். "அவனுக்கு மாம்பழம் ஆகாது, கேட்டேளா. ஒடனே கட்டி வந்துடும். தொடவே மாட்டான்."

இவர் சாதுவாகத் தலையாட்டினார். நான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். நேராக இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தார். அன்றைக்கு நானும் நிச்சயம், லென்ஸும் நிச்சயம். அண்ணா அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

கல்யாணமாகி மலையேறும் பஸ்ஸில், படித்துறையில் பார்த்ததை அவரிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"வேஷ்டில தொடச்சதும் தெரிஞ்சுதா?"

"நன்னாத் தெரிஞ்சுது."

"அப்பாட்ட சொல்லிடாதே."

கடைசி வரை சொல்லவில்லை.

கதையைக் கேட்ட அண்ணா பிள்ளை, "அந்தப் படம் எங்க இருக்கு அத்தை?" என்றான். படம் ஏது? லென்ஸைப் பரீட்சை பண்ணத்தானே அண்ணா நிறுத்தினான், காமிராவில் படம் பதியும் பிளேட் போடவில்லை. இப்போது அண்ணா இல்லை, அந்த மாடி இல்லை, கல்தூணும் இல்லை. அவரும் போய் ஆறு வருஷமாகிறது. கூடத்துச் சுவர்ப் படத்தில் கோட்டு போட்டு, சிரிக்காமல், நேராக நிற்கிறார். சித்திரை வந்தால் அதன் முன் ஒரு மாம்பழம் வைப்பேன். நறுக்கி வைப்பதில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளை வேஷ்டியும் வைப்பேன்.