கார்த்திகையில் இடிபடும் தறிகள்

ஆறாவது முறையாகவும் என் தறிகளை இடித்துவிட்டார்கள். இடித்தது கம்ப்யூட்டர். இடிபட்டது மதராஸ் மாகாணத்தில் எங்கள் காஞ்சிபுரம் இருக்கிற துண்டு.

விஷயம் ஒரு விளையாட்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் உள்ள வருடங்களில் தொடங்குகிறது. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை கட்டி, படை சேர்த்து, சண்டை போட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகட்டும் என்று ஆட ஆரம்பித்தேன். ஆடியதைவிட எரிச்சல் பட்டதுதான் அதிகம். மதராஸ் மாகாணம் முழுமைக்கும் சேர்த்து இரண்டே தொழிற்சாலை. இரண்டுக்கும் புகைபோக்கிப் படம். புகை வராத எதுவும் தொழில் இல்லை என்று எவன் சொன்னான்?

இந்த மாதிரி விளையாட்டின் கோப்புகளைத் திறந்து நம் இஷ்டப்படி திருத்தி, மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். மோட் என்கிறார்கள். அந்தக் காலத்துத் தொழில்களை நாடு நாடாகச் சரியாகக் காட்டும் மோட் ஒன்றை ஏழு பேர் செய்துகொண்டிருந்தார்கள். எட்டாவதாக நான் போய்ச் சேர்ந்தேன். தலைவர் போலந்துக்காரர், என் மகனைவிட இளையவர். நிலக்கரிச் சுரங்கம் என்றால் உயிரை விடுவார். கைத்தறியைத் தனித் தொழிலாகச் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதியதும் உடனே சம்மதித்தார். அதுவரை மரியாதையாகத்தான் போயிற்று.

மழையில்தான் தகராறு. நான் பிறந்தது தறி வீட்டில். காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, இழை பார்த்துச் சுருட்டினால்தான் அது தறிக்குப் போகும். மழையில் தெருவில் எங்கே பாவு போடுவது? முன்னமே தறியில் ஏற்றியிருந்தாலும் தறிக்கு அடியில் உள்ள குழிக்குள் தண்ணீர் ஊறும். நெய்கிறவர் காலை எங்கே வைப்பார்? ஐப்பசி பிறந்தால் அப்பா தறியை விட்டு எழுந்து மண்டியில் மூட்டை தூக்கப் போவார். தாத்தாவும் அப்படித்தானாம். ஆகவே நான் ஒன்பது மாதத்துக்கு நான்கு நான்கு என்று உற்பத்தி போட்டேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூஜ்யம். அந்த மூன்று மாதமும் ஆட்கள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போவார்கள் என்றும் எழுதினேன். நெசவாளி ஏன் மில்லுக்குப் போனான் என்பது அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது.

விளையாட்டுக்கு அது புரியவில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து ஒன்றும் தராத கட்டடத்தை அது வீண் என்று முடிவு செய்து இடித்துவிடும். அந்த விதி நாம் திறக்கக்கூடிய எந்தக் கோப்பிலும் இல்லை. எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டேன்.

சோதனை ஆட்டங்களை நான் ஜரிகைக் கடை பாயின் கடையில் வைத்துத்தான் ஆடுவேன். அவர் கடையில் இன்டர்நெட் நன்றாக இருக்கிறது. மத்தியானத்தில் வியாபாரமும் இருக்காது.

"இன்னா சார், இந்த தடவையும் இடிச்சிட்டானா?"

"மார்கழி கூட பொறக்கல பாய். மொத்தத்தையும் இடிச்சிட்டு சிமெண்ட் ஃபாக்டரி கட்டிக்கினு இருக்கான்."

"வெள்ளைக்காரன் கூட அவ்ளோ சுறுசுறுப்பா இருந்ததில்ல சார்." கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "மழை மாசத்துக்கு சும்மா ஒரு நம்பர் போட்டுட்டுப் போங்களேன். எவன் வந்து பாவு நனைஞ்சுதான்னு தொட்டுப் பாக்கப் போறான்?"

"உங்க ஜரிகைல கொஞ்சம் கலப்படம் போடுங்களேன். எவன் வந்து உரசிப் பாக்கப் போறான்?"

"அது வேற, இது வேற. அது யாவாரம்!"

"இது மட்டும் இன்னாவாம்?"

"இது வெளையாட்டுதானே சார். நீங்களே சொன்னீங்க." டீ வாங்கப் பையனை அனுப்பிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போலந்துக்காரருக்கு நீளமாக எழுதினேன். அவர் சுருக்கமாகப் பதில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மோட் வெளியாகிறது. அதற்குள் தறி இடிபடாமல் நிற்கவில்லையென்றால் தறியை எடுத்துவிட்டு மதராஸுக்குப் பழைய இரண்டு தொழிற்சாலையே போடுவார்கள். கீழே ஒரு யோசனையும் இருந்தது. ஒன்பது மாதம் நான்கு நான்காகப் போட்டால் முப்பத்தாறு. பன்னிரண்டு மாதம் மூன்று மூன்றாகப் போட்டாலும் முப்பத்தாறு. வருடக் கணக்கு மாறவில்லை, பிறகு என்ன கஷ்டம் என்று கேட்டிருந்தார்.

கணக்கு சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல். நான் சர்க்கார் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்தவன். பன்னிரண்டால் வகுத்து வகுத்தே சம்பளம் வாங்கினேன். சராசரியில் கார்த்திகை மாதத்துக்கும் மூன்று வந்துவிடும். அப்பா மூட்டை தூக்கிய மாதத்திலும் எங்கள் வீட்டுத் தறி ஓடியதாகிவிடும். பொய் என்றும் சொல்ல முடியாது, கூட்டிப் பார்த்தால் சரியாக வரும்.

இரண்டு நாள் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். "தறிய வித்து நாப்பது வருஷம் ஆவுது," என்றாள் மனைவி. "இல்லாத தறிக்கு மழை பேஞ்சா இன்னா, வெயில் அடிச்சா இன்னா? போட்டு முடிங்க, சாப்பாடு ஆறுது."

மழையோடு சேர்த்துத் தறியை இழப்பதா, மழையை விட்டுத் தறியை வைத்துக்கொள்வதா? எப்படிப் பார்த்தாலும் கோபம்தான் வந்தது. கடைசியில், புகைபோக்கி இரண்டு மட்டும் நிற்கிற மதராஸை இன்னொரு தரம் பார்க்க எனக்குப் பொறுக்காது என்று தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பாய் கடையில் உட்கார்ந்து பூஜ்யங்களை அழித்தேன். நான்குகளையும் அழித்தேன். பன்னிரண்டு இடத்தில் மூன்று போட்டேன். ஆட்கள் வேறு வேலைக்குப் போகிற வரியையும் எடுக்க வேண்டியதாயிற்று. வேலை நிற்காதபோது அவர்கள் எதற்குப் போகப் போகிறார்கள்?

கம்ப்யூட்டர் இடிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் போயிற்று. தறி இடிபடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பாய் கை கொடுத்தார். "ஊர்ல மழையையே நிறுத்திட்டீங்களே சார்!" என்றார்.

மோட் வெளியான வாரத்திலேயே ஆடியவர்களின் கருத்துகள் வர ஆரம்பித்தன. முக்கால்வாசி நிலக்கரியைப் பற்றி. தறியைப் பற்றி ஒன்றே ஒன்று இருந்தது. எந்த ஊர்க்காரரோ தெரியாது. மதராஸ் தறிதான் இந்த மோட்டிலேயே நம்பிக்கையான கட்டடம், பஞ்சாலைகூட சரக்கு இல்லாமல் நிற்கும், இது வருடம் முழுக்க ஒரே சீராக ஓடுகிறது, இதை நம்பியே பட்டாளத்துக்குத் துணி கொடுக்கலாம் என்று புகழ்ந்திருந்தார். அதற்குப் பதினேழு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்; அதில் ஒருவர் எங்கள் போலந்துக்காரர்.

எனக்குக் கை பரபரத்தது. அது சீராக ஓடாது, வடகிழக்குப் பருவமழையில் மூன்று மாதம் நிற்கும், நெய்கிறவர்கள் கூலிக்குப் போய்விடுவார்கள் என்று எட்டு வரி எழுதிப் போட்டேன்.

மறுநாள் புகழ்ந்தவரிடமிருந்து பதில் வந்திருந்தது. விளையாட்டுக் கணக்கில் நூறு வருடம் ஆடிப் பார்த்துவிட்டேன், ஒரு மாதம்கூட நின்றதில்லை, எங்கே நிற்கிறது காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்.