வந்துக்கிட்டு இருக்கா

"மலையில பொறந்தவளுக்குக் கடல் எதுக்கு?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. மீதிப் பேர் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன காலத்தில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் நின்று பார்த்தவர்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஆட்களை இந்தியாவிலிருந்து வந்த கள்ளத்தோணி என்று திட்டிய வாய்கள் இன்னும் முழுதாக மூடவில்லை. தோணியில் வந்தவர்கள் என்று சொன்னது அவர்கள்தானே, நான் கப்பலில் போனால் மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்க வேண்டும்? அந்தக் கோபத்தில்தான் கப்பல் வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். கடல் மீது காதல் என்றெல்லாம் யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

வெளிநாட்டுக் கப்பல் கல்லூரி ஒன்றும் கொழும்புப் பயிற்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து நடத்திய வகுப்பு அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று முதல் பாதியை எங்கள் மலைநாட்டு ஹட்டனிலேயே வைத்தார்கள். அதில் தேறினால் இரண்டாம் பாதிக்குக் கடற்கரைக்கு அனுப்புவார்கள். அதையும் முடித்தால் எந்த நாட்டுக் கப்பலிலும் செல்லுபடியாகும் சான்றிதழ் கையில் கிடைக்கும். தேறாவிட்டால் எங்கள் ஊர் அக்கரப்பத்தனைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அம்மாவின் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கூடை காத்திருந்தது.

பாடம் நடத்த வந்தவர் ஓய்வுபெற்ற வெளிநாட்டுக் கப்டன். வெள்ளைத் தாடி, உரத்த குரல். குளிர் நாட்டுக்காரர்தான், இருந்தும் ஹட்டன் மழையில் எங்களைவிட அதிகமாகத் தும்மினார். முதல் வாரத்தில் பலகையில் 'மஸ்டர்' என்று எழுதி, ஆபத்து மணி அடித்ததும் எல்லாரும் குறித்த இடத்தில் கூடிப் பேர் கொடுப்பது என்று விளக்கினார். பின் வரிசை வாங்கில் என் பக்கத்தில் இருந்த பொகவந்தலாவைக்காரி மெல்லச் சொன்னாள்.

"அட, நம்ம பெரட்டு."

வகுப்பே சிரித்தது. கப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். வினை அங்கேதான் தொடங்கியது.

பெரட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் களத்தில் கூடி நிற்பார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட்டு, யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று பிரித்து அனுப்புவார். எங்கள் ஊரில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், ரொம்பப் பிந்தினால் வீட்டுக்குத் திரும்பு. பிள்ளைக்குக் காய்ச்சல், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அதனால் வராதவளின் பேரைக் கூப்பிட்டால் வந்து நிற்பவள் ஒருத்தி குரல் கொடுப்பாள்.

"வந்துக்கிட்டு இருக்காங்க ஐயா."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்ட வார்த்தை அது. அம்மா அதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்காகச் சொல்வாள். அம்மாவுக்காக அந்த அக்கா சொல்வாள். அதைப் பொய் என்று எங்கள் லயத்தில் யாரும் நினைத்ததில்லை.

ஹட்டன் பக்கம் ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் பழைய படகுக் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் எங்கள் கப்பல். ஏழு முறை சின்னதாகவும் ஒரு முறை நீளமாகவும் ஊதல் கேட்டதும், லைஃப் ஜக்கெட் போட்டுக்கொண்டு கொட்டகையிலிருந்து படகடிக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். எல்லாரும் வந்தபின் படகு புறப்படும். பரீட்சை நாளன்று கப்டனே பேர் கூப்பிட்டார். பொகவந்தலாவைக்காரியின் பேர் வந்தபோது பதிலே இல்லை. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"ஷீ இஸ் கமிங், சேர்."

கப்டன் தலையை ஆட்டினார். படகைத் தள்ளச் சொன்னார். துடுப்புப் போட்டு நடுத்தண்ணீருக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கரையைக் காட்டினார். கொட்டகை வாசலில் அவள் தனியாக நின்றாள். உள்ளே ஒளிந்திருக்கும்படி சொன்னது கப்டன்தானாம்.

"அந்தக் கப்பல் எரிந்துகொண்டிருக்கிறது. அவள் வருகிறாள் என்று நீ சொன்னாய், ஆகவே அவளை யாரும் தேடப் போவதில்லை" என்றார்.

அழுகை வரவில்லை, வெட்கமும் வரவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். யார் மேல் என்றுதான் அப்போது தெரியவில்லை.

யார் மேல் என்பது வகுப்பு நடக்கும் மண்டபத்துக்குத் திரும்பியதும் தெரிந்தது. வகுப்பைப் பார்த்துக்கொள்ள நிலையம் அனுப்பிய கொழும்புத் தமிழர் ஒருவர் இருந்தார், ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். பளபளக்கும் சப்பாத்தும் காதில் போனுமாக எப்போதும் திரிவார். என்னைக் கூப்பிட்டுக் கப்டன் முன்னாலேயே தமிழில் சொன்னார்.

"நான் முதல்லயே சொன்னன். பெரட்டுல பொய் சொல்லியே வளர்ந்த ஆக்களுக்கு இது சரிவராது. நாளைக்கு வெளிநாட்டுக் கல்லூரிக்கு நாங்கதான் பதில் சொல்லணும். தங்கச்சி, ஹோட்டல் வேலைப் பயிற்சி ஒண்டு இருக்கு, அதுக்குப் பேரைத் தாங்க."

"எனக்கு ஹோட்டல் வேணாம் சேர்" என்றேன். "பொய்னு நீங்க சொன்னத இங்கிலீஷ்ல அவருக்குச் சொல்லுங்க. நானும் பதில் சொல்லணும்."

அவர் சொல்லவில்லை. ஆகவே நானே சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்கு நொண்டிக்கொண்டுதான் வந்தது, ஆனாலும் வந்தது. பெரட்டு என்றால் என்ன, பேர் என்றால் என்ன என்று கப்டனுக்கு விளக்கினேன். எங்கள் லயத்து அக்கா ஒருவர் மேல்மலையில் தண்ணீர் வடியும் கானில் விழுந்து காலை முறித்துக்கொண்டு மழையில் கிடந்த கதையைச் சொன்னேன். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் கூடையைக் காணாமல், அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும்தான் மறுபடி மலையேறித் தூக்கி வந்தார்கள். காலையில் அத்தனை கவனமாகப் பேர் கூப்பிட்டவர்களுக்கு மாலையில் கூப்பிடத் தோன்றவில்லை.

"எங்க ஊர்ல எண்ணுறது சம்பளத்த வெட்டுறதுக்கு சேர். நீங்க தேடுறதுக்கு எண்ணுறீங்க. அத நீங்க பலகையில எழுதவே இல்ல. எழுதியிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்."

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. 'கட்' என்றும் 'சேர்ச்' என்றும் கையால் காட்டியது மட்டும் நினைவிருக்கிறது. கப்டன் தாடியைத் தடவினார். பல நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், எதற்காக எண்ணுகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன் என்றார். அதற்காகச் சலுகை தர முடியாது என்றும் சொன்னார். அடுத்த வாரம் மறு பரீட்சை, இந்தத் தடவை பேர் கூப்பிடுவது நீ, ஒரு தவறு வந்தாலும் வீட்டுக்குப் போ என்றார். எனக்கும் சலுகை தேவைப்படவில்லை.

இடையில் ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். அம்மா அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்.

"நாங்க பொய் சொல்லுறோம்னா சொன்னாரு, அந்தக் கொழும்பு ஐயா?"

"ஆமா."

"நீ என்னா சொன்ன?"

சொன்னேன். அம்மா சுண்ணாம்பு டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, "ஹோட்டலுக்கு மட்டும் போயிறாத" என்றாள்.

மறு பரீட்சையன்று வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் புதுச் சப்பாத்தோடு அவர்களுக்குக் குடை பிடித்தார். கொட்டகைக்குள் நிற்கும் எல்லாரும் இன்றைக்குக் கப்பல் ஆட்கள்தான் என்று கப்டன் சொல்லி, வந்தவர்களின் பேரையும் ஒருங்கிணைப்பாளரின் பேரையும் என்னிடம் தந்தார். ஊதல் கேட்டது. கொட்டகையே காலியானது. படகடியில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். பொகவந்தலாவைக்காரி முதல் ஆளாக நின்று, மலையே கேட்கும்படி பதில் சொன்னாள். வெளிநாட்டார் இருவரும் சிரித்துக்கொண்டே கை உயர்த்தினார்கள்.

ஒருங்கிணைப்பாளரின் பேருக்குப் பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் போனோடு நின்றவர் தலையை நீட்டிக் கையை ஆட்டினார்.

"வந்துக்கிட்டு இருக்கேன், நீங்க போங்க."

நம்புங்கள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழும்புக்காரர், எங்கள் வார்த்தையை எங்கள் வாடையோடே சொன்னார். இத்தனை நாள் எங்களோடு திரிந்ததில் ஒட்டியிருக்க வேண்டும். பார்க்க வந்தவர்களில் ஒருவர், அவர்தான் கண்ணில் தெரிகிறாரே, புறப்படலாம் என்றார். படகைத் தள்ளப் பிள்ளைகள் குனிந்துவிட்டார்கள். நான் கயிற்றை விடவில்லை.

"வந்துக்கிட்டு இருக்கிறவங்கள எண்ண முடியாது சேர். லைஃப் ஜக்கெட்ட போட்டுக்கிட்டு வாங்க. நீங்க வராம இந்தப் படகு போகாது."

சேற்றில் புதுச் சப்பாத்து புதையப் புதைய, ஜக்கெட்டின் வாரைத் தப்பாகக் கட்டிக்கொண்டு அவர் வந்தார். நானே அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டேன். கட்டும்போது வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கினேன், அதையும் மறைக்கப் போவதில்லை. பிறகு படகு போனது. தேறியவர்களில் என் பேரும் பொகவந்தலாவைக்காரியின் பேரும் இருந்தன.

கடற்கரைப் பாதியையும் முடித்து, இப்போது கப்பலில் வேலை செய்கிறேன். எங்கள் கப்பலில் நான்கு நாட்டு ஆட்கள் இருக்கிறோம். மஸ்டர் மணி அடித்தால் என் பேருக்கு மட்டும்தான் பதில் சொல்கிறேன். பக்கத்தில் நிற்க வேண்டியவரைக் காணோம் என்றால் காணோம் என்று சத்தமாகச் சொல்கிறேன், உடனே இரண்டு பேர் தேடிப் போகிறார்கள்.

விடுமுறைக்கு வந்த காலை ஒன்றில், பெரட்டுக் களத்தில் அம்மாவின் குரல் லயம் வரைக்கும் கேட்டது. "வந்துக்கிட்டு இருக்காங்க ஐயா." பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் வாசலில் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்னா புள்ள, உங்கம்மா சொல்லுறது கப்பல்காரவங்களுக்குக் குத்தமா?" என்று கேட்டார்.

"நல்லா சொல்லட்டுங்க" என்றேன். "ராவைக்கு ஒரு ஆளு திரும்பி வரலன்னா டோர்ச்ச எடுத்துக்கிட்டு அந்தக் கண்டாக்கு ஐயா மலையேறட்டும். அன்னைக்கு நானே அம்மாவ நிறுத்தச் சொல்லுறேன்."