மச்சானின் தட்டைப் பூமி

மகளின் காதுகுத்துக்கு நாள் குறித்த பிறகு, மடி கொடுக்க வேண்டிய தாய்மாமனிடமே போய்ப் பூமி உருண்டை என்று வம்பிழுத்த முட்டாள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு வைத்த தட்டோடு நைனார்பாளையத்தில் மச்சான் வீட்டுக் கூடத்தில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. மனைவிக்கு அண்ணன் என்றாலும் மச்சான் எனக்கு வயதொத்தவர். நெல்லும் மக்காச்சோளமும் போடுகிறவர். ஓய்ந்த நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பூமி தட்டைதான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். "நடவுக்குச் சேடை ஓட்டித் தண்ணி கட்டினா வயலு பூரா மட்டமா நிக்குது. உருண்டை மேல எப்டி நிக்கும் மாப்ள?" என்பார். சரியான பதில் எனக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தில்தான் என் குரல் கொஞ்சம் ஜாஸ்தியாகும்.

அன்று கூடம் நிறையப் பங்காளிகள். கூட்டத்தைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. தட்டை நீட்டியபடியே, உன் பூமியும் இப்படித்தானா மச்சான், ஓரத்துக்குப் போனால் பாக்கு மாதிரி நீயும் உருண்டு விழுந்துவிடுவாயா என்று கேட்டுவைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"தட்டுல இன்னாத்துக்கு எடுத்தாந்த? உருண்டை மேல வச்சு எடுத்துட்டு வா, வாங்கிக்கிறேன்."

தட்டு திரும்பினால் தாய்மாமன் வரமாட்டார் என்று அர்த்தம். அண்ணன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன் என்று மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டில் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

அறிவியலைக் காட்டிச் சமாதானம் செய்யலாம் என்று மச்சானைக் கெஞ்சி வண்டியில் ஏற்றிக் கல்வராயன் மலைக்குப் போனேன். உயரத்தில் நின்றால் பூமியின் வளைவு தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். வளைந்தது பாதை மட்டும்தான். கீழே கோமுகி அணை, கரும்பு, மரவள்ளி, அப்பால் கள்ளக்குறிச்சி, எல்லாம் பாய் விரித்தாற்போல் கிடந்தன. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. மச்சான் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்காட்டவில்லை. பாப்பாவுக்கு என்று கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். காதுகுத்துக்கு வருவதாகவும் சொல்லவில்லை.

இன்று அந்தப் பாப்பா பள்ளியில் வரைந்த உலக உருண்டையை முதலில் மாமனிடம்தான் காட்டுகிறாள். அவர் அதைப் பூரி என்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் குறுக்கே பேசுவதில்லை.

காதுகுத்து அன்று, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பாப்பா என் தோளில் இருந்தாள். ஆசாரி கம்மலோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடியப்போகும் வேளையில் மச்சான் சீரோடு கோயிலுக்குள் வந்தார். வந்தவர் மணையில் உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் அதே பங்காளிகள். என்ன எதிர்பார்க்கிறார் என்று புரிந்தது. அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: "பூமி தட்டையாவே இருந்துட்டுப் போவட்டும் மச்சான். பாப்பாவுக்கு உன் மடி வேணும்."

மச்சான் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"மடியும் தட்டையாத்தான் இருக்குது, புள்ளைய குடு."